கச்சான் வீசினால் உப்பு விளையும்

திருகோணமலை என்றதும் எல்லோரும் துறைமுகத்தைத்தான் சொல்வார்கள். ஆனால் நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் மக்கள் கையில் காசு புழங்குவது பெரும்பாலும் காற்றை நம்பித்தான். வருட நடுவில் தென்மேற்கிலிருந்து கச்சான், வருடக் கடைசியில் வடகிழக்கிலிருந்து வாடை.

கச்சான் கடலிலிருந்து கிளம்பும்போது ஈரமாகத்தான் கிளம்புகிறது. கொழும்பு, இரத்தினபுரிப் பக்கம் கொட்டுகிற மழை அதனுடையது. மலைநாட்டில் மோதி மேலேறும்போது குளிர்ந்து, ஈரத்தை மழையாக இறக்கிவிடும். நீராவி நீராகும்போது வெப்பம் வெளிவருவதால், ஏறும் காற்று கிலோமீட்டருக்கு 5, 6 பாகைதான் குளிரும். மறுபக்கம் இறங்கும்போதோ ஈரம் இல்லை. கிலோமீட்டருக்கு 10 பாகை வரை சூடேறும். ஜூன், ஜூலையில் நமக்கு உதடு வெடிப்பது இதனால்தான்.

நமக்குத் தொல்லை, நிலாவெளி உப்பளத்துக்கு வரம். தண்ணீர் வற்ற வெயில் மட்டும் போதாது. நீர்ப்பரப்பின் மேல் ஈரம் நிறைந்த காற்று அப்படியே நின்றால் ஆவியாவது மந்தமாகிவிடும். கச்சான் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஒரு லீட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. அந்த நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக்கொண்டே போவார்கள். முதலில் சுண்ணாம்பு படியும், அப்புறம் ஜிப்சம். நீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக வற்றிய பிறகுதான் நாம் சாப்பிடும் உப்பு விளையத் தொடங்கும். உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானியில் அது 25 பாகை. கடைசிப் பாத்தியைக் குனிந்து பார்த்தால், நீரின் மேல் பொடிப்பொடியாக உப்புப் பரல்கள் மிதப்பது தெரியும். கனத்ததும் அடியில் போய் உட்கார்ந்துவிடும். 30ஐ நெருங்கியதும் மிச்ச நீரை வெளியே விட்டுவிட வேண்டும். ஆசைப்பட்டு விட்டுவைத்தால் மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து படியும். உப்பு கசக்கும், சாடியில் நீர்த்துக்கொண்டே இருக்கும். இடையில் ஒரு மழை வந்தால் போச்சு!

கருவாடு காய்வதும் இதே காற்றில்தான்.

இன்னொன்று, கச்சான் எவ்வளவு பலமாக அடித்தாலும் கரையோரக் கடல் பெரிதாக எழும்பாது. அலை வளர, காற்று நீரின் மேல் நெடுந்தூரம் ஓட வேண்டும். இங்கே அது தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. கரையருகில் அலை வளர இடமே இல்லை. அதே மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிப்பதால் சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் காலங்காலமாக இங்கே வந்து வாடி (தற்காலிகக் குடிசை) போட்டுத் தொழில் செய்கிறார்கள். அதோடு வரும் சச்சரவு தனிக்கதை.

வாடை வந்தால் எல்லாம் தலைகீழ். ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் பெய்துவிடும்; உப்பு வேலை நிற்கும், சின்னப் படகுகள் கரையேறும். புல்மோட்டை மணலுக்கு மட்டும் இதுதான் விளைச்சல் காலம். வங்காள விரிகுடாவில் நெடுந்தூரம் ஓடிவரும் அலை மணலை அள்ளிக் கரையில் போடும். திரும்பும் நீருக்கு அவ்வளவு வலு இல்லை. சாதாரண வெண்மணல் நீரைவிட 2.65 மடங்குதான் கனம், அதை இழுத்துக்கொண்டு போகும், 4.7 மடங்கு கனமான இல்மனைட் என்ற கறுப்புக் கனிமம் அங்கேயே தங்கிவிடும். இப்படியே மாதக்கணக்கில் புடைத்துப் புடைத்துத்தான் அந்தக் கரை கறுத்துக் கிடக்கிறது.

ஆலையில் மிச்ச வேலை. பலத்த காந்தம் இல்மனைட்டை இழுத்தெடுக்கும். மீதி மணலில் இருக்கும் வேறு கனிமங்களில் ரூட்டைல் மின்சாரத்தைக் கடத்தும், சிர்கோன் கடத்தாது. அந்த வித்தியாசத்தை வைத்து உயர் மின்னழுத்தத்தில் இரண்டையும் பிரிப்பார்கள். 1957இலேயே இதற்கென்று அரச கூட்டுத்தாபனம் தொடங்கியாயிற்று. வெள்ளைப் பெயின்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டையொக்சைட்டைப் பெரும்பாலும் இல்மனைட்டிலிருந்துதான் எடுக்கிறார்கள். இங்கிருந்து அது பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது. அந்த வெள்ளைப் பொடியை நாம் வெளிநாட்டிலிருந்து விலைகொடுத்து வாங்குகிறோம். என்ன வியாபாரமோ, எனக்கு விளங்கவில்லை.