கல்லூரிக்கு லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? முதலில் பாடத்தைக் கேளுங்கள்

சென்ற மாதம் அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஒரு அப்பாவும் மகனும் கடைக்கு வந்தார்கள். பையன் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. "அண்ணாச்சி, இதுல ராம் மட்டும் கூட்டிக் குடுங்க. சாலிட்வொர்க்ஸ் தொறந்தா அப்படியே நின்னுருது" என்றான். சாலிட்வொர்க்ஸ் என்பது இயந்திர பாகங்களை முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருள். பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்தான் ராம். அதைச் சொருகும் இடமே அதில் இல்லை. 8 ஜிபியும் மதர்போர்டிலேயே பற்றவைத்து வந்திருந்தது.

"பின்னாடி கூட்டிக்கலாம்னு சொல்லித்தானே குடுத்தாங்க" என்றார் அப்பா. 48 ஆயிரம் ரூபாய். அதில் பாதிக்கு மேல் நகையை வைத்து வாங்கிய பணம். அந்த லேப்டாப்பில் ஒரு பழுதும் இல்லை, ஆனால் அந்தப் பையனின் படிப்புக்கு அது பொருந்தாது. இதை அவரிடம் சொல்வதற்குள் எனக்கே கஷ்டமாகிவிட்டது.

பாளையங்கோட்டையில் 16 வருடங்களாக லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். சுற்றிலும் கல்லூரிகள் என்பதால் மேசைக்கு வருவதில் பாதி மாணவர்களுடையதுதான். வாங்கி இரண்டு, மூன்று வருடம் ஆனபின் எது உடைகிறது, எது போதாமல் போகிறது என்பதை தினமும் பார்க்கிறேன். வாங்கும்போது யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. எல்லோரும் கேட்பது, கணினியின் மூளையான இன்டெல் ப்ராசஸரைப் பற்றிய ஒரே கேள்வி: "ஐ5 நல்லதா, ஐ7 நல்லதா?"

அதற்கு முன் கேட்க வேண்டியது பாடம். பிகாம், பிஏ, பிபிஏ படிப்பவர்களுக்கு வேர்டு, எக்செல், டேலி, இணையம் இவைதான் வேலை. 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் இடம்) இருந்தால் மூன்று வருடம் தாராளமாக ஓடும். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் 16 ஜிபி. மொபைல் ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவையும் பிரவுசரையும் ஒன்றாகத் திறந்தாலே 8 ஜிபி திணறும். ஏஐ படிக்கப் போகிறான் என்பதற்காகப் பெரிய கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. படிப்பு அளவுக்கான மாடல்களை கூகுளின் இணையச் சேவையான கோலாபிலேயே இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். மெக்கானிக்கல், சிவில், ஆர்க்கிடெக்சர் இந்த மூன்றுக்கும்தான் கணினி உண்மையில் உழைக்க வேண்டும். சாலிட்வொர்க்ஸ் நிறுவனமே 16 ஜிபிக்குக் குறையாமல் இருக்கச் சொல்கிறது. ரெவிட், லூமியான் என்று கட்டட வடிவமைப்பு மென்பொருள்களுக்குப் போகும் ஆர்க்கிடெக்சர் பிள்ளைகளுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு வீண் செலவு இல்லை.

மேக்புக் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். பேட்டரியும் உடல் உறுதியும் அருமையாக இருக்கும், மறுக்க மாட்டேன். ஆனால் சாலிட்வொர்க்ஸ், ரெவிட், சிவில்காரர்களுக்கான ஸ்டாட் ப்ரோ மூன்றுமே விண்டோஸுக்கானவை. சிவில் சேரும் பெண்ணுக்கு ஆசையாக மேக்புக் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஐந்தாவது செமஸ்டரில் இன்னொரு லேப்டாப் தேடி வந்த வீட்டையும் பார்த்திருக்கிறேன்.

சரி, ஐ5, ஐ7 கேள்விக்கு வருவோம். அந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். 2016-இல் வந்த ஐ7-7500யு-வில் இருப்பது இரண்டு கோர்கள், அதாவது ப்ராசஸருக்குள் வேலை செய்யும் மையங்கள். 2022-இல் வந்த ஐ3-1215யு-வில் ஆறு. ஐ7 என்ற ஸ்டிக்கரைப் பார்த்துப் பழைய லேப்டாப்பை வாங்கியவர், புது ஐ3 வைத்திருக்கும் நண்பனைவிட மெதுவான கணினியில் உட்கார்ந்திருப்பார். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் ப்ராசஸர்களில் இது இன்னும் குழப்பம். 7520யு, 7530யு இரண்டும் 'ரைசன் 5' என்றுதான் விற்கும். முதலாவதில் 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர்கள். அடுத்ததில் ஜென் 3, ஆறு கோர்கள். ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் இந்த வடிவமைப்பைச் சொல்லும். அதோடு, 7520யு ஏற்பது எல்பிடிடிஆர்5 வகை ராம். அது போர்டிலேயே பற்றவைத்துத்தான் வரும், பிறகு மாற்ற வழியில்லை. இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே மாடல் எண்ணை முழுதாக எழுதி வாங்கி, வீட்டுக்கு வந்து தேடிப் பாருங்கள். "ராம் ஸ்லாட் எத்தனை, இப்போது எத்தனை காலி" என்ற கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கும்வரை பணம் கட்டாதீர்கள்.

'இப்போது 8, பிறகு 16' என்று நானும் முன்பெல்லாம் சொல்வேன். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிப்போன பிறகு அப்படிச் சொல்வதில்லை. பெரிய ஏஐ சர்வர்களுக்கே சிப்புகள் போய்விடுவதால் நமக்கு வருவது குறைந்து, விலை கூடிவிட்டது. 16 வேண்டிய படிப்பு என்றால் வாங்கும்போதே 16 வாங்கிவிடுங்கள்.

என் மேசைக்கு அதிகம் வருவது ப்ராசஸர் பழுது இல்லை, ஹிஞ்ச்தான். திரையையும் கீழ்ப்பகுதியையும் இணைக்கும் அந்தக் கீல். விலை குறைந்த லேப்டாப்புகளில் கீல் இரும்பு, அதைப் பிடித்திருப்பதோ பிளாஸ்டிக்கில் பதித்த சிறு பித்தளைக் குமிழ்கள். மூலையைப் பிடித்து ஒரு கையால் திறந்து திறந்து, ஒரு நாள் அந்தக் குமிழ் பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வரும். அப்போதும் பிள்ளைகள் திறந்து மூடிக்கொண்டுதான் இருப்பார்கள். பேனல் பிளந்து, டிஸ்ப்ளே கேபிள் அறுந்து, கடைசியில் திரையும் போனபிறகு பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். முதல் நாளே வந்திருந்தால் சில நூறில் முடிந்திருக்கும் வேலை. கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பை நீங்களே திறந்து மூடிப் பாருங்கள். திரையின் ஓரத்தை லேசாக அசைத்தால் முழு மூடியும் வளைகிறதா? கீபோர்டின் நடுவில் அழுத்தினால் குழி விழுகிறதா? அப்படியென்றால் அது நான்கு வருட ஹாஸ்டலைத் தாங்காது. திரையை நடுவில் பிடித்துத் திறக்கும் பழக்கத்தையும் முதல் வாரத்திலேயே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்து சூடு. ஹாஸ்டலில் மேசை இருந்தாலும் லேப்டாப் கட்டிலில்தான் கிடக்கும். போர்வையின் பஞ்சு அடியில் உள்ள ஓட்டைகள் வழியே உள்ளே போய், ஃபேன் வாயில் திரியாகப் படிந்திருக்கும். கழற்றிக் காட்டினால் பிள்ளைகளே அதிர்ந்துபோவார்கள். ஒரு பலகையோ தடித்த நோட்டோ அடியில் இருந்தால் போதும். வருடம் ஒருமுறை சுத்தம் செய்து, ப்ராசஸரின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்டை மாற்றினால் வேகம் குறையாது.

இன்னொன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மெட்டல் பாடி லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுத் தொட்டால் சுருசுருவென்று இழுக்கிறது என்று மாதம் ஒருவராவது வருகிறார்கள். சார்ஜரின் மூன்றாவது பின் எர்த்துக்கானது. ஹாஸ்டல் ப்ளக்கில் எர்த் இல்லாவிட்டாலோ, இரண்டு பின் கன்வெர்ட்டர் மாட்டினாலோ, சார்ஜரிலிருந்து கசியும் சிறிய மின்சாரம் உடம்பு வழியே இறங்கும். கன்வெர்ட்டரைத் தூக்கிப் போடுங்கள். அப்படியும் இழுத்தால் வார்டனிடம் சொல்லி எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கேமிங் லேப்டாப் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்காக: எடை இரண்டேகால் கிலோவுக்கு மேல், சார்ஜர் தனியாக அரை கிலோ. வகுப்பில் இரண்டு மூன்று மணி நேரத்தில் பேட்டரி படுத்துவிடும். டிசைன் படிப்பு இல்லையென்றால் அந்தப் பணத்தில் நல்ல திரை வாங்கலாம். விவரக் குறிப்பில் திரையின் வகை ஐபிஎஸ் என்று இருக்கட்டும். டிஎன் வகைத் திரையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாலே நிறம் வெளிறிவிடும், நான்கு வருடம் அதைத்தான் பார்த்துப் படிக்க வேண்டும்.

பணம் முட்டுகிறதா? வெட்கப்படாமல் பழையது வாங்குங்கள். பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக் வகைகள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கின்றன. அவற்றின் ஹிஞ்ச் மலிவு விலைப் புது லேப்டாப்புகளில் இருப்பதைவிடப் பல மடங்கு உறுதி. ஆனால் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அதற்குக் கீழே உள்ளவற்றை ஏற்பதில்லை. பயாஸ் பாஸ்வேர்டு (விண்டோஸ் வருவதற்கு முன்பே கேட்கும் பூட்டு) இருக்கிறதா, பழைய கம்பெனியின் லாக் நீங்கியிருக்கிறதா என்பதை உங்கள் கண்முன் விண்டோஸைப் புதிதாக ஏற்றிக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

அரசு தரும் லேப்டாப்பையும் கணக்கில் வையுங்கள். இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாகத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. பிள்ளைக்குக் கிடைக்குமா, எப்போது என்று கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம். மென்பொருளுக்கும் பணம் கொட்ட வேண்டாம். ஆட்டோகேட், ரெவிட் இரண்டும் மாணவர்களுக்கு இலவசம், பொறியியல் சோதனைகளைக் கணினியில் செய்யும் ஆன்சிஸிலும் மாணவர் பதிப்பு உண்டு. கிராக் போட்டு வைரஸோடு வரும் லேப்டாப்புகளைப் பார்த்து அலுத்துவிட்டது.

பில் கட்டாயம் வாங்குங்கள். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு வாரண்டி எந்தத் தேதியில் தொடங்கியிருக்கிறது என்று அன்றைக்கே பாருங்கள். சாதாரண வாரண்டியில் கீழே விழுந்ததும் டீ கொட்டியதும் அடங்காது. ஹாஸ்டல் பிள்ளை என்றால் விபத்துப் பாதுகாப்புத் திட்டத்தைக் கூடவே எடுத்துவிடுங்கள்.

அம்பாசமுத்திரத்துக்காரர் அன்று போய்விட்டு, மறு சனிக்கிழமை மறுபடி வந்தார். இந்தமுறை மகளும் கூட. பிகாம் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள், அவளுக்கும் ஒன்று வாங்கத்தான் வந்திருந்தார். பழைய 8 ஜிபி லேப்டாப்பைச் சுத்தம் செய்து அவளிடம் கொடுக்கச் சொன்னேன். அவள் படிப்புக்கு அது போதும். பையனுக்கு 16 ஜிபி போட்ட பழைய லாட்டிட்யூட் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். கடையிலேயே உட்கார்ந்து, பல பாகங்கள் சேர்ந்த சாலிட்வொர்க்ஸ் அசெம்ப்ளி ஃபைல் ஒன்றைத் திறந்து பார்த்தான். திறந்தது.