ஜெபக்குறிப்பாகச் சொல்வதற்கு முன் நேரில் சொல்லுங்கள்

திருகோணமலையில் குடும்பங்களுக்கு உளவளத்துணை செய்யும் எனக்கு, திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இதுதான்: மனத்தாங்கல், யாரோடு உண்டானதோ அவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கிறிஸ்தவக் குடும்பங்களில் அது பெரும்பாலும் ஜெபக்குறிப்பாகவே, அதாவது 'இதற்காக ஜெபியுங்கள்' என்று மற்றவர்களிடம் சொல்லும் விஷயமாகவே, வெளியே போகிறது.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் முதல் படி, தவறு செய்தவரிடம் தனியாகப் போய் எடுத்துச் சொல்வது. கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். சபைக்குச் சொல்வது அதற்கும் பிறகுதான். நாங்களோ கடைசிப் படியில் இருந்து தொடங்குகிறோம்.

உப்புவெளிப் பக்கம் ஒரு குடும்பம் (ஆள் தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன்). கட்டாரில் உழைத்துச் சேர்த்த காசில் ஒரு பகுதியைக் கணவர் தன் தம்பியின் படகு இஞ்சினுக்குக் கொடுத்துவிட்டார். பிள்ளையின் டியூஷன் காசுக்காக அலுமாரியைத் திறந்தபோதுதான் மனைவிக்குத் தெரிந்தது. ஜெபக்கூட்டத்தில் அழுது சொன்னார். ஞாயிறு ஆராதனைக்கு முன்பே கதை தம்பியிடம் போய், அவர் வாயால் கணவருக்கு வந்தது. என்னிடம் வந்தபோது கணவர் காசைப் பற்றிக் கதைக்கவே இல்லை. "ஊருக்கே சொல்லிப்போட்டா" என்பதிலேயே நின்றார். மனைவியின் நியாயமான கேள்வி அடிபட்டுப் போனது.

மனைவியும், "நீங்க எப்பவும் உங்கட ஆக்களைத்தான் பாப்பீங்க" என்றுதான் தொடங்கினார். 'எப்பவும்' என்று வந்தால் எதிரே இருப்பவர் தன்னைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். நடந்ததை மட்டும் சொல்லச் சொன்னேன். "அலுமாரியில காசைக் காணேல்ல. எனக்குப் பயமாப் போச்சு. ஏன் என்னட்டச் சொல்லேல்ல?" கணவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வேண்டாமெண்டு சொல்லுவீரெண்டுதான் சொல்லாம விட்டனான்" என்றார். உண்மையான பேச்சு அங்கேதான் தொடங்கியது.

நேரமும் முக்கியம். சூரியன் அஸ்தமிப்பதற்கு முன் எரிச்சல் தணியட்டும் என்று எபேசியர் 4:26 சொல்வதை வைத்து, நள்ளிரவிலும் விடாமல் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். தணியச் சொன்னது கோபத்தை. வழக்கை அன்றிரவே தீர்க்கச் சொல்லவில்லை. களைத்து வந்தவரிடமோ குடித்திருப்பவரிடமோ தொடங்காதீர்கள். "நாளைக்குப் பின்னேரம் இதைக் கதைப்பம்" என்று நேரம் குறித்து, அந்த நேரத்தில் கட்டாயம் உட்காருங்கள். ஓரிருவரைக் கூட்டிப்போக வேண்டி வந்தால், இரு பக்கமும் மதிக்கிற ஆளாகப் பாருங்கள். சொந்த அண்ணனைக் கூட்டிப் போனால் அது சண்டைக்குப் போனதாகத்தான் முடியும்.

அடி, மிரட்டல் உள்ள வீட்டுக்கு இந்தத் தனிமைப் பேச்சு பொருந்தவே பொருந்தாது. அடிபட்டு வந்த பெண்ணை "பொறுத்துக்கொள் மகள், ஜெபி" என்று திருப்பி அனுப்புவதற்கு வேதத்தைத் துணைக்கு இழுப்பது பெரிய அநியாயம். இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். பெண்கள் உதவிக்கு 1938, உடனடி ஆபத்துக்கு 119. போதகர்மாரும் பங்குத்தந்தையரும் இந்த இரண்டு இலக்கங்களையும் தங்கள் தொலைபேசியில் பதிந்து வைத்திருக்க வேண்டும்.