"அண்ணை, இது சரிதானே?": எச்சரிக்கை ஏன் கேள்வியாகிப் போகிறது

மாங்குளம் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வெளியொன்றைக் கற்பனை செய்து பாருங்கள். இரவு நல்ல மழை. காலையில் தன்னுடைய ஒரு மீற்றர் அகலப் பாதைக்குள் இறங்கப்போகிற பெண்பிள்ளைக்கு, துப்புரவாக்கிய நிலத்துக்கும் ஆக்காத நிலத்துக்கும் நடுவில் நட்ட கட்டை கொஞ்சம் விலகி நிற்பதுபோலத் தெரிகிறது. திரும்ப அளக்கும்வரை ஒருவரும் இறங்கக்கூடாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் வாயில் வருவது, "அண்ணை, இந்தக் கட்டை நேற்றும் இதிலதானே நிண்டது?" ரீம் லீடருக்குத் தலைக்குமேல் வேலை. "ஓம் ஓம், அதிலதான்" என்றுவிட்டு அடுத்த பாதைக்குப் போய்விடுகிறார்.

எச்சரிக்கை சொல்லப்பட்டது, ஆனால் கேள்வியாகச் சொல்லப்பட்டது. இதே மாதிரித்தான் 1977 மார்ச் 27இல் ஸ்பெயினுக்குச் சொந்தமான தெனரீஃப் தீவின் விமானநிலையத்திலும் நடந்தது. மூடுபனிக்குள் கேஎல்எம் விமானம் மேலெழும்ப ஓடத் தொடங்கிவிட்டது, பான் ஆம் விமானம் இன்னும் அதே ஓடுபாதையில் நிற்கிறது. கேஎல்எம் விமானியறையில் கூட இருந்த பொறியாளர் வானொலியில் காதில் விழுந்ததை வைத்து, அந்த பான் ஆம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று கப்டன் அடித்துச் சொன்னார், அதோடு பேச்சு முடிந்தது. சில வினாடிகளில் மோதி 583 பேர் இறந்தார்கள். அடுத்த வருடம் டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் யுனைற்றட் 173 விமானம், சில்லு இறங்கியதா இல்லையா என்ற யோசனையிலேயே கப்டன் வானத்தில் வட்டமடித்துக்கொண்டிருக்க, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் குறைவதைக் கூட இருந்தவர்கள் சொல்லாமல் இல்லை, ஆனால் "இப்போதே இறங்கு" என்று எவரும் நேரே சொல்லவில்லை. 10 பேர் இறந்தார்கள். இதற்குப் பிறகுதான் விமானிகளுக்குக் கூட்டாக வேலை செய்யும் பயிற்சி என்று ஒன்று வந்தது, யுனைற்றட் அதை 1981இல் தொடங்கியது.

சரி, ஏன் இப்படிப் பூசி மெழுகுகிறோம்? வாய் திறப்பதால் வரும் நட்டம் உடனடி, நிச்சயம், அதுவும் எனக்கு: முகம் சுழிப்பு, "இவவுக்கு எல்லாம் தெரியும்" என்ற சிரிப்பு, அடுத்த ஒப்பந்தம் கிடைக்குமோ என்ற பயம். வன்னியில் இந்த வேலைக்குப் போகிற பெண்களில் பலர் தனியாகக் குடும்பத்தைச் சுமப்பவர்கள், அந்தச் சம்பளம் எவ்வளவு பெரிது என்று விளக்கத் தேவையில்லை. வாய் திறப்பதால் வரும் நன்மையோ எப்போதோ வருவது, வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தவறவிட்ட மிதிவெடி இரண்டு வருடம் கழித்து யாரோ ஒருவருடைய மண்வெட்டிக்குத்தான் அகப்படும், அந்த ஆளை இன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. மனம் இந்தக் கணக்கை யோசிக்காமலே போட்டுவிடுகிறது. கேள்வியாகக் கேட்பது அதற்குக் கிடைக்கும் நடுவழி, சொன்னதாகவும் ஆச்சு, எதிர்த்ததாகவும் இல்லை.

கேட்பவர் பக்கத்திலும் கோளாறு உண்டு. ஒரு வேலையில் மூழ்கிய மூளை, தான் ஏற்கெனவே எடுத்த முடிவுக்குப் பொருந்துகிற மாதிரித்தான் காதில் விழுவதை விளங்கிக்கொள்ளும். "நிண்டதுதானே?" என்பதில் "தானே" தலையாட்டச் சொல்கிறது, அவரும் ஆட்டுகிறார்.

இதற்கு நம்மாட்கள் சொல்லும் மருந்து "துணிஞ்சு கதைக்கவேணும்". எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. 1966இல் ஹொஃப்லிங் என்ற மருத்துவரின் குழு ஒரு சோதனை செய்தது. முன்பின் தெரியாத "டொக்டர்" ஒருவர் ஆசுபத்திரிக்குப் போன் எடுத்து, பழக்கமில்லாத மருந்தொன்றை, மருந்துப் பெட்டியில் எழுதியிருந்த உச்ச அளவைப்போல இரண்டு மடங்கு கொடுக்கச் சொன்னார். 22 தாதியரில் 21 பேர் கொடுக்கப் புறப்பட்டுவிட்டார்கள். 1977இல் வேறு இருவர் இதைத் திரும்பச் செய்தபோது மருந்து தாதியருக்குத் தெரிந்தது, பக்கத்தில் ஒருவரோடு கலந்து பேசவும் முடிந்தது. 18 பேரில் 2 பேர்தான் கொடுக்கப் போனார்கள். பதினொரு வருடத்தில் தாதியரின் துணிவு இத்தனை மடங்கா கூடியிருக்கும்? சூழல்தான் பெரும்பாலும் மாறியது என்று நினைக்கிறேன்.

ஆகவே சூழலைத்தான் திருத்தவேண்டும். ஒரு வழி, சொல்லவேண்டிய சொற்களை முன்கூட்டியே எல்லோருக்கும் பொதுவாக்கி வைப்பது. முதலில் "எனக்கு இது யோசனையா இருக்கு", கேட்காவிட்டால் "எனக்கு இது சரியாப் படேல்லை", அதற்கும் அசையாவிட்டால் "இது ஆபத்து, நிப்பாட்டுங்கோ". பயிற்சியில் எல்லோரும் சொல்லிப் பழகிய வசனம் என்றால், சொன்னவர் வாய்க்காரி ஆகமாட்டார். ஒபரேசன் தியேட்டர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொடுத்த சரிபார்ப்புப் பட்டியலும் இப்படித்தான், கத்தி வைக்கமுன் எல்லோரும் தங்கள் பெயரைச் சொல்லவேண்டும், ஒருதரம் குரல் வந்த ஆளுக்கு இரண்டாந்தரம் வருவது சுகம். எட்டு ஆசுபத்திரிகளில் பார்த்தபோது இறப்பு 1.5 வீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. ஆனால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 101 ஆசுபத்திரிகளில் பட்டியல் வந்த பிறகும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று 2014இல் ஒரு ஆய்வு வந்தது. பெட்டியில் சரி போட்டால் பேசியதாக ஆகிவிடாது.

எனக்குப் பெரிதாகப் படுவது, எச்சரிக்கை பிழையாகிப் போகிற நாளில் தலைவர் என்ன செய்கிறார் என்பதுதான். உலோகம் தேடும் கருவியைப் பாருங்கள். அது சத்தம் போடும் இடங்களில் பெரும்பாலும் கிடைப்பது ரவைக் கோது, ஷெல் துண்டு, ஆணி. பி-4 மாதிரி மிதிவெடிகளில் உலோகம் மிகக் குறைவு என்பதால் மெல்லிய சத்தத்தையும் வெடி என்றே எடுத்து, மண்ணைப் பக்குவமாகச் சுரண்டிப் பார்க்கிறார்கள், ஆணி வந்தால் ஒருவரும் கருவியைத் திட்டுவதில்லை. மனுசர் ஒருவர் "கட்டை விலகியிருக்கு" என்று சொல்லி, அளந்து பார்க்க விலகாமல் இருந்தால் மட்டும் ஏன் சிரிப்பு? அந்த ஒரு சிரிப்பை முழு ரீமும் பார்க்கும், அடுத்த முறை யாருக்கும் கட்டை கண்ணில் படாது.

காலைக் கூட்டத்தில் "கேள்வி இருக்கோ?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "இண்டைக்கு எதில பிழை வரலாம்?" என்று வயதில் குறைந்தவரிடமிருந்து தொடங்கிக் கேட்டு, தலைவர் தன் கருத்தைக் கடைசியில் சொன்னால் நிறைய வெளியே வரும். இதற்குக் காசு தேவையில்லை, நேரம் தேவை. கட்டையைத் திரும்ப அளந்தால் அன்றைய சதுர மீற்றர்க் கணக்கு குறையும், மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையின்படி எல்லாவற்றையும் அகற்றி முடிக்க இலங்கைக்கு இருக்கும் கெடுவோ 2028 ஜூன். குறைந்த கணக்கை மாத அறிக்கையில் யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதையும் ரீம் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.