வராதவர்களையும் எண்ண வேண்டும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடியும் நேரம் ஏதாவது டீக்கடைப் பக்கம் நின்று பாருங்கள். ஒரு கையில் டீ, மறு கையில் தம். பெட்டிக்கடையில் கயிறு புகைந்தபடி தொங்கும். நாலு பேரோடு சேர்ந்து பிடித்துக்கொண்ட பழக்கத்தை நாலு பேரோடு சேர்ந்தே விட முடியுமா? புகையை விட உதவும் குழு ஆலோசனையின் அடிப்படை இதுதான். பத்துப் பேர் போல வாரம் ஒருமுறை ஆலோசகரோடு கூடி, எந்த நேரத்தில் கை சிகரெட்டைத் தேடுகிறது, அப்போது என்ன செய்யலாம் என்று பேசிக்கொள்வார்கள்.

சரி, இதற்குப் பலன் உண்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

யார் விட்டீர்கள் என்று கடைசிக் கூட்டத்தில் கேட்டால் நிறையக் கைகள் உயரும். அதை வைத்து முடிவு கட்ட முடியாது. விட்டே தீருவேன் என்று வந்தவர் குழு இல்லாமலும் விட்டிருக்கலாம். அதனால் ஆய்வுக்குச் சம்மதித்தவர்களை ஆய்வாளர்கள் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாதிக்குக் குழு, மறு பாதிக்குப் புகையை விடுவது எப்படி என்று சொல்லும் கையேடு மட்டும். மன உறுதி உள்ளவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகக் கலந்துவிடுவார்கள்.

அப்புறம் குறைந்தது 6 மாதம் காத்திருக்க வேண்டும். நிகோட்டின் கிடைக்காத எரிச்சல் முதல் சில நாட்களில் உச்சத்துக்குப் போய், சில வாரங்களில் தணிந்துவிடும். ஆனால் மறுபடி பற்றவைக்க ஒரு கல்யாண வீடோ வீட்டில் ஒரு சண்டையோ போதும்.

6 மாதம் கழித்துக் கூப்பிட்டால் பலர் போனை எடுப்பதில்லை. உதாரணத்துக்கு, குழு ஆலோசனைப் பக்கம் வந்த 100 பேரில் 40 பேர் மட்டும் பதில் சொல்கிறார்கள். அதில் 20 பேர் விட்டிருக்கிறார்கள். பாதிக்குப் பாதி வெற்றி என்று எழுதிவிடலாம். நேர்மையான கணக்கில் 100க்கு 20தான். பதில் தராதவர் புகைக்கிறார் என்றே வைத்துக்கொள்வார்கள். கடுமையான விதிதான். ஆனால் இது இல்லாத ஆய்வை நான் நம்பமாட்டேன்.

விட்டேன் என்பவரையும் சோதிப்பார்கள். ஊதச் சொல்லி, புகையோடு உள்ளே போன கார்பன் மோனாக்சைடு வாயுவை மூச்சில் அளக்கலாம். அது சில மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால் நேற்றுப் பிடித்தது தப்பிவிடலாம். எச்சிலில் கோட்டினின் பார்த்தால் சில நாட்களுக்கு முன் பிடித்ததும் தெரியும். நிகோட்டின் உடலுக்குள் மாறி உண்டாகும் பொருள் அது. ஆனால் புகையிலை மெல்லுபவருக்கும் நிகோட்டின் சூயிங்கம் போடுபவருக்கும் அது இருக்கும்.

இத்தகைய ஆய்வுகளை 2017இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. கையேட்டை வைத்துத் தானாக முயல்பவர்களில் 100க்கு 5 பேர் விட்டால், குழுவில் 8 முதல் 12 பேர் வரை விடுகிறார்கள். தனி ஆலோசனையைவிடக் குழு மேல் என்பதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் ஒரே ஆலோசகர் ஒரே நேரத்தில் பத்துப் பேரைப் பார்க்கலாம். கூட்டம் நிரம்பி வழியும் நம் அரசு மருத்துவமனைகளுக்கு அது பெரிய விஷயம்.