குடும்ப அறக்கட்டளை: கெட்ட செய்தி உங்கள் காதுக்கு வருகிறதா?

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை வைத்திருப்பவர்கள், பர்கூர் ஜவுளிக்காரர்கள், கிரானைட் தொழிலில் இருப்பவர்கள், ஓசூரில் ஒரே ஒரு லேத் மிஷினோடு தொடங்கி வளர்ந்தவர்கள் எனப் பல வீடுகளில் இப்போது டிரஸ்ட் ஆரம்பிக்கும் பேச்சு நடக்கிறது. அப்பா பேரில், அம்மா பேரில், சின்ன வயதிலேயே போய்விட்ட பிள்ளையின் பேரில். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்ததும் குடும்பப் பெரியவர் பெரும்பாலும் முதலில் கேட்பது இதுதான்: "ஏம்மா, பணம் எங்களுது. கொடுக்கணும்னு மனசும் இருக்கு. இதை நடத்துறதுக்குத் தனியா சம்பளம் போட்டு எதுக்கு ஒரு ஆளு?"

நியாயமான கேள்வி. குடும்ப அறக்கட்டளைகளை நிர்வகிப்பதே என் தொழில் என்பதால் பதிலும் சொல்லியாக வேண்டும். செக்கில் கையெழுத்துப் போட ஆள் தேவையில்லைதான். ஆனால் கொடுத்த பணம் சரியாகப் பயன்படவில்லை என்றால், அதை வாங்கியவர் உங்களிடம் பயப்படாமல் சொல்ல ஒரு வழி வேண்டும். அந்த வழி அடைபடாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலையில் முக்கால்வாசி.

தருமபுரிக்காரர்களுக்கு ஃபுளோரைடு பற்றி விளக்க வேண்டியதில்லை. போர் தண்ணீர் குடித்தே வளர்ந்த தலைமுறையின் பற்களில் அந்தப் பழுப்புக் கறை இன்றும் தெரியும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இங்கே பல கிணறுகளில் அதைத் தாண்டித்தான் இருந்தது. ஜப்பான் கடனுதவியோடு 2013ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிலைமையைப் பெரிதும் மாற்றியது. ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் ஜனங்கள் போர் தண்ணீருக்குத்தான் போகிறார்கள். அதனால் ஊருக்கு ஒரு ஆர்.ஓ. பிளான்ட், அதாவது தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம், வைத்துக் கொடுப்பது இந்தப் பக்கக் குடும்பங்களுக்குப் பிடித்த தர்மம். சீக்கிரம் முடியும், திறப்பு விழா நடத்தலாம், கல்வெட்டில் பேர் நிற்கும்.

பென்னாகரம் பக்கம் ஒரு குடும்பம் அப்படி வைத்துக் கொடுத்த ஒரு பிளான்ட். உள்ளூர்த் தொண்டு நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தது. ஒவ்வொரு அறிக்கையிலும் 'நன்றாக இயங்கி வருகிறது' என்று எழுதியிருந்தார்கள், கூடவே குடத்தோடு நிற்கும் பெண்களின் படம். நேரில் போனால் கதவில் துருப்பிடித்த பூட்டு. சாவியைத் தேடி எடுத்து வந்து திறந்தார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் யாரோ சொட்டுநீர்ப் பாசனக் குழாய்களைச் சுருட்டி வைத்திருந்தார்கள். தண்ணீரை வடிகட்டும் மெம்பிரேன் அடைத்துப்போய்ப் பல மாதம் ஆகிவிட்டது, கரண்ட் பில்லும் பாக்கி. அந்த நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "ரிப்பேர்னு எழுதினா, டியூஷன் சென்டருக்கு நீங்க கொடுக்கிறதும் நின்னுடுமோன்னு பயம் மேடம்."

அவர் ஒரு ரூபாய்கூடத் தொடவில்லை. டியூஷனுக்கு வரும் பிள்ளைகளை நினைத்துத்தான் அப்படி எழுதியிருக்கிறார். மெம்பிரேன் மாற்ற ஆகும் செலவு, திறப்பு விழாப் பந்தலுக்கு ஆனதைவிடக் குறைவு. முதல் மாதமே ஃபோன் வந்திருந்தால் ஊர் ஜனங்கள் இத்தனை நாள் பழையபடி போர் தண்ணீரைக் குடித்திருக்க வேண்டாம். இது அந்த அம்மாவின் நேர்மைக் குறை என்று நான் நினைக்கவில்லை. கெட்ட செய்தி சொன்னால் தண்டனை கிடைக்கும் என்று அவரை நம்ப வைத்தது பணம் கொடுக்கும் நம் பக்கத்து வழக்கம்தான்: வருஷா வருஷம் புதிதாக விண்ணப்பம், வெற்றியை மட்டும் கேட்கும் அறிக்கைப் படிவம், பதில் வராத மாதங்கள்.

அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிச் சில விஷயங்களை மாற்றினோம். அறிக்கையின் முதல் கேள்வி இப்போது 'இந்த மூன்று மாதத்தில் எது சரியாக நடக்கவில்லை?' என்பது. இயந்திரம் வாங்கிக் கொடுத்தால் அதன் பராமரிப்பும் கரண்ட் பில்லும் இயக்குபவர் சம்பளமும் சேர்ந்துதான் பட்ஜெட். எல்லாவற்றையும்விட முக்கியமானதைப் பெரியவரே செய்தார். எல்லோரையும் வைத்துக்கொண்டு, "மூணு வருஷத்துக்குப் பணம் உறுதி. நடுவுல என்ன பிரச்சனை வந்தாலும் சொல்லுங்க, அதுக்காக நிறுத்த மாட்டேன்" என்றார். அடுத்த வாரமே இன்னொரு கிராமத்திலிருந்து மோட்டார் எரிந்துபோன செய்தி ஃபோனில் வந்தது. எனக்கு அது சந்தோஷமான ஃபோன்.

இந்த மண்ணில் இது புதிதில்லை. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமானை ஔவையார் பாடியதில், நெல்லிக்கனியைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது வேறொரு பாட்டு. ஒரு நாள் போனாலும் சரி, பலரைக் கூட்டிக்கொண்டு பல நாள் போனாலும் சரி, முதல் நாள் காட்டிய அதே அன்பைக் காட்டுவான் என்கிறார். பரிசு கொஞ்சம் தாமதமாகலாம், ஆனால் யானை தன் கொம்புகளுக்கு நடுவில் வைத்த கவளம் போல அது பொய்க்காது என்கிறார். வாங்குகிறவர் தலைநிமிர்ந்து பேசுவதற்கு அந்த உறுதிதான் அடிப்படை.

ஒரு வருஷப் பணத்தில் ஒரு வருஷ வேலைதான் நடக்கும். சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கியில் இரண்டு டாக்டர்கள் 1993ல் ஒரு கூரைக் குடிசையில் தொடங்கிய டிரைபல் ஹெல்த் இனிஷியேடிவைப் பாருங்கள். உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே பயிற்சி கொடுத்துச் செவிலியராக்கினார்கள். மருத்துவமனை வளர்ந்தது. அப்புறம்தான் இயற்கை விவசாயிகள் சங்கம் வந்தது, லம்பாடிப் பெண்களின் பூத்தையல் வேலை வந்தது. பன்னிரண்டு மாதத்தில் முடியும் திட்டமாக இதில் எதையும் யாரும் எழுதிக் காட்டியிருக்க முடியாது.

மார்ச் மாதம் இன்னொரு தலைவலி. டிரஸ்டின் வருமானத்தில் 85 சதவீதத்தையாவது அந்த வருஷத்திலேயே அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது வருமான வரி விதி. மார்ச் 20க்கு மேல் ஆடிட்டர் நினைவூட்டுவார், உடனே தெரிந்த நிறுவனங்களுக்கெல்லாம் பணம் பறக்கும். வாங்குகிறவர்கள் நாலு நாளில் எதையாவது வாங்கிக் கணக்கு காட்டுவார்கள், நோட்டுப் புத்தகம் ஏற்கெனவே இருக்கும் பள்ளிக்கு இன்னொரு கட்டு நோட்டுப் போகும். இந்த அவசரமே வேண்டாம். குறிப்பிட்ட நோக்கத்தைச் சொல்லி, உரிய படிவத்தைக் கெடுவுக்குள் கொடுத்தால் ஐந்து வருஷம் வரை சேர்த்து வைத்துச் செலவிட விதியிலேயே இடம் இருக்கிறது. இன்னொன்று: வேறொரு அறக்கட்டளைக்குக் கொடுக்கும் நன்கொடையில் 85 சதவீதம்தான் உங்கள் செலவாகக் கணக்கில் ஏறும். 2023ம் வருட நிதிச் சட்டம் கொண்டு வந்த இந்த மாற்றம் பல குடும்பங்களுக்கு இன்னும் தெரியவில்லை. ஆடிட்டரை ஜூனிலேயே கூப்பிட்டுப் பேசுங்கள்.

குடும்பத்துக்குள் இருக்கும் உறவும் இதே அளவுக்கு முக்கியம். பெரியவர் இருக்கும்வரை அவர் சொல்தான் தீர்மானம். அவருக்குப் பிறகு அண்ணன் கோயில் திருப்பணி என்பார், தம்பி கல்லூரி உதவித்தொகை என்பார், பெங்களூரில் இருக்கும் மகளை யாரும் கேட்பதே இல்லை. அறக்கட்டளைப் பத்திரம் எழுதும்போதே அடுத்த டிரஸ்டியை யார் நியமிப்பது, கருத்து வேறுபட்டால் எப்படி முடிவெடுப்பது, மகள்களுக்கும் மருமகள்களுக்கும் இடம் உண்டா என்பதையெல்லாம் எழுதிவிடுங்கள். சொந்தக்காரப் பையனுக்கு டிரஸ்டில் வேலைக்கு மிஞ்சின சம்பளம், டிரஸ்ட் கட்டிடம் சித்தப்பாவுக்குச் சல்லிசான வாடகையில், இந்த மாதிரி ஏற்பாடுகள் வேண்டவே வேண்டாம். நிறுவியவர், டிரஸ்டிகள், அவர்களின் உறவினருக்குப் போய்ச் சேரும் ஆதாயத்துக்கு வரிவிலக்கு கிடையாது. ஊரில் பேர் கெடுவது தனி.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்பினாலும் கவனம் தேவை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கி ஓ.சி.ஐ. கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) மட்டும் வைத்திருப்பவர் கொடுத்தால் ஆகும், எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. அண்ணனிடம் வாங்கலாம், தங்கையிடம் வாங்கக் கூடாது என்ற நிலைகூட ஒரே வீட்டில் வரும்.

உதவித்தொகை விழாக்களைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். பிளஸ் டூ முடித்த பெண்ணை மேடையேற்றி, அவள் உயரத்துக்கு ஒரு செக் போர்டைப் பிடிக்க வைத்து, "அப்பா கூலி வேலை, அம்மா இல்லை" என்று மைக்கில் வாசிக்கிறார்கள். அவள் வகுப்பு முழுக்கக் கீழே உட்கார்ந்திருக்கிறது. தயவுசெய்து இதை நிறுத்துங்கள். பணத்தைக் கல்லூரிக் கணக்கில் கட்டுங்கள், அவளோடு தனியாக உட்கார்ந்து ஹாஸ்டல் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் இளைஞர்களுக்கு: சமூகப் பணி படித்திருக்கலாம், வங்கியிலோ தணிக்கை அலுவலகத்திலோ வேலை பார்த்திருக்கலாம், எதுவானாலும் வரலாம். வரவு செலவு படிக்கத் தெரிய வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் என்றால் தெலுங்கும் கன்னடமும் கொஞ்சமாவது பேச வேண்டும். 'இல்லை' என்ற பதிலைக் காரணத்தோடு சீக்கிரம் சொல்லப் பழகுங்கள். ஆறு மாதம் இழுத்தடித்துச் சொல்லும் 'இல்லை'யால் சின்ன நிறுவனங்கள் சம்பளம் போட முடியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

உதவியை நிறுத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. குடும்பத்தின் வருமானம் குறையலாம், அக்கறை வேறு பக்கம் திரும்பலாம், அதில் தப்பில்லை. ஒரு வருஷம் முன்னாடியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். கடைசி வருஷத் தொகையை ஒரேயடியாக வெட்டாமல் படிப்படியாகக் குறையுங்கள். அவர்கள் வேலையைப் புரிந்துகொள்ளக்கூடிய வேறு இரண்டு கொடையாளர்களிடம் நீங்களே பேசி அறிமுகம் செய்து வையுங்கள். அந்த ஃபோனை என்னைப் போன்ற அலுவலர் பேசுவதைவிடக் குடும்பத் தலைவரே பேசினால்தான் எடுபடும்.