மாதுளையைப் படுக்க வைத்தால் தோப்பு

புயலில் சாய்ந்த மரமெல்லாம் செத்துவிடுவதில்லை. வேரில் பாதி மண்ணைப் பிடித்திருந்தால் போதும். கிடக்கும் தண்டின் மேல்பக்கக் கிளைகள் நிமிர்ந்து தனித்தனி மரம்போல வளரும். மண்ணைத் தொடும் அடிப்பக்கம் புதுவேர் விடும். இதையே தொட்டிக்குள் செய்தால் தெப்ப பாணி போன்சாய். ஜப்பானியர் இதை இகாடபுகி என்பார்கள்.

பழமரத்தில் முயல்வதானால் என் தேர்வு மாதுளை. தண்டிலிருந்து தயங்காமல் வேர்விடும் மரம் அது. நர்சரிகளில் பெரும்பாலும் பதியம் போட்டோ குச்சி நட்டோதான் கன்று எடுக்கிறார்கள். ஒட்டுக்கட்டிய வேறு பழமரம் என்றால், ஒட்டுக்குக் கீழே எழும்பும் தளிர் வேறு ரகம் என்பதை மறக்கக் கூடாது.

ஒரு பக்கம் கிளை நிறைந்து மறுபக்கம் மொட்டையாக நிற்கும் கன்றை நர்சரியில் யாரும் சீண்ட மாட்டார்கள். நமக்கு வேண்டியது அதுதான். அடியில் வரப்போகும் கிளைகளை நறுக்கிவிட்டு, அந்தப் பக்கத்துப் பட்டையை மரம் தெரியும்வரை ஆங்காங்கே சீவ வேண்டும். வேர் ஊக்கித்தூள் இருந்தால் தடவலாம். பிறகு தண்டைப் படுக்க வைத்து, பாதி மூடும்படி மண் போட்டு, மேல்கிளைகளைக் கம்பி சுற்றி நிமிர்த்த வேண்டும். மாதுளைக் கொப்பு முற்றினால் படக்கென்று ஒடியும். பச்சையாக இருக்கும்போதே வளைப்பது நல்லது. தண்டையும் கொஞ்சம் நெளித்துவிட்டால் மரங்கள் பள்ளிப் பிள்ளைகள்போல வரிசைகட்டி நிற்காது.

சீவிய இடத்தில் ஏன் வேர் வருகிறது? இளந்தளிர்களில் உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் வேரை நோக்கி ஒரே திசையில் பயணிக்கிறது. வழியில் பட்டை அறுந்திருந்தால் காயத்தின் தளிர்ப்பக்க விளிம்பில் தேங்குகிறது. இலைகள் அனுப்பும் சர்க்கரையும் அங்கேயே சேர்கிறது. ஈரமும் இருட்டும் கூடும்போது, பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே வளரும் மெல்லிய அடுக்கான கேம்பியத்தை ஒட்டிய செல்கள் வேர்முனையாக மாறுகின்றன. கிளையை மரத்தில் இருக்கும்போதே வேர்விட வைக்கும் காற்றுப் பதியத்தில் பட்டையைச் சுற்றிலும் எடுப்போம். இங்கே மேல்பாதியைத் தொடவே கூடாது. புதுவேர் வரும்வரை பழைய வேருக்கு உணவு போவது அந்தப் பட்டை வழியாகத்தான்.

நிமிர்வதற்குக் காரணம் புவியீர்ப்பு. தண்டுச் செல்களுக்குள் இருக்கும் மாவுமணிகள் கீழ்ப்பக்கமாகப் படிகின்றன. அதை அறிந்து ஆக்சின் அடிப்பக்கம் திரும்ப, அங்குள்ள செல்கள் அதிகம் நீண்டு தளிரை மேலே வளைக்கின்றன. தண்டு படுத்ததும், மற்ற மொட்டுகளை அடக்கிவைக்கும் நுனி மொட்டின் அதிகாரமும் தளர்ந்துவிடும். மேல்பக்கம் தூங்கிக்கொண்டிருந்த மொட்டுகள் விழித்துக்கொள்ள அதுவே சாக்கு.

புதுவேர் போதுமான அளவு பிடித்துவிட்டதா என்று மண்ணை விலக்கிப் பார்த்த பிறகுதான் பழைய வேர்க்கட்டியை அறுக்க வேண்டும். ஓரிரு வருடம் பொறுப்பது மோசமில்லை.

அப்புறம் பழம். போன்சாயில் இலை சிறுக்கும், பழம் அவ்வளவாகச் சிறுக்காது. அதனால் குட்டைரக மாதுளைதான் பார்வைக்குப் பொருந்தும். ஆப்பிளில் இன்னொரு சிக்கல் உண்டு. தொட்டியில் ஐந்து மரம் தெரிந்தாலும் மரபணுப்படி எல்லாம் ஒன்றே. பெரும்பாலான ஆப்பிள் ரகங்களின் சூல்தண்டு, அதாவது பூவில் மகரந்தம் சூலுக்கு இறங்கும் தண்டு, தன் மகரந்தத்தை அடையாளம் கண்டு பாதியிலேயே நிறுத்திவிடும். அதனால் அதே சமயம் பூக்கும் வேறொரு ரக ஆப்பிள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். மாதுளைக்கு அந்தத் தொல்லையில்லை, தன் மகரந்தத்திலேயே காய்க்கும்.