தேர்வில் புத்தகம் பார்த்து எழுதலாமா, பாராமல் எழுதலாமா?

புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு விடையை யோசித்து எடுக்கும்போது, அந்த முயற்சியே பாடத்தை மனத்தில் ஆழமாகப் பதிக்கிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்கள் ஓர் உரைப்பகுதியை இரண்டு முறை படித்தார்கள். இன்னொன்றை ஒரு முறை படித்துவிட்டுப் பாராமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, இரண்டு முறை படித்ததே கூடுதலாக நினைவில் இருந்தது. ஒரு வாரம் போனபின் எல்லாம் தலைகீழ். எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம் நின்றது, திரும்பப் படித்ததில் 42தான்.

அப்படியானால் பாராமல் எழுதும் தேர்வே போதுமே என்று தோன்றும். ஆனால் 2008-இல் பூஜா அகர்வால் குழுவினர் செய்த ஆய்வில், புத்தகம் பார்த்து எழுதியவர்களும், பாராமல் எழுதிவிட்டு விடையைச் சரிபார்த்தவர்களும் ஒரு வாரத்துக்குப் பின் ஏறக்குறைய ஒரே அளவுதான் நினைவு வைத்திருந்தார்கள். சிக்கல் தேர்வுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. புத்தகம் கையில் இருக்கும் என்று எண்ணிப் படித்தவர்களைப் பின்னொரு நாள் பாராமல் எழுதச் சொன்னபோது மதிப்பெண் குறைந்ததை 2011-இல் அகர்வாலும் ரோடிகரும் காட்டினார்கள்.

சரி, கேள்வித்தாளுக்கு வருவோம். கட்டடப் பொறியியலில் ஒரு தூணை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பாரத்தில் அது நெளிந்து வளையும் என்பதற்கு ஆய்லரின் சூத்திரம் இருக்கிறது. அதை எழுதச் சொன்னால், புத்தகம் வைத்திருப்பவர் பார்த்து எழுதிவிட்டுப் போய்விடுவார். அதே தூணின் படத்தைக் கொடுத்து, அடிப்பக்கம் இறுகப் பதிந்திருக்கிறது, மேல்முனைக்குப் பிடிப்பே இல்லை, எவ்வளவு தாங்கும் என்று கேட்டுப் பாருங்கள். இங்கே கணக்கில் எடுக்கவேண்டிய நீளம் இரு மடங்கு, தாங்கும் பாரமோ நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஆகவே இரு முனையிலும் கீல் உள்ள தூண் தாங்குவதில் கால் பங்குதான் இது தாங்கும். மேல்முனையைக் கவனித்தவருக்குத்தான் புத்தகம் உதவும்.

அந்தக் கவனத்துக்கும் மனப்பாடம் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். யோசிக்கும்போது விஷயங்களைத் தற்காலிகமாக மனத்தில் வைத்திருக்கும் செயல்நினைவில் ஒரே நேரத்தில் நான்கைந்து விஷயங்களுக்குத்தான் இடம். அடிப்படைகளையே பக்கம் பக்கமாகத் தேடிக்கொண்டிருந்தால், அப்புறம் எங்கே யோசிப்பது?

அதனால் முதலாண்டுப் பாடங்களையும், அவசர சிகிச்சைபோலப் புரட்டிப் பார்க்க நேரமில்லாதவற்றையும் பாராமல் எழுத வைப்பதே சரி என்பேன். சட்டம், வடிவமைப்பு போன்ற மேல்வகுப்புத் தாள்களுக்குப் புத்தகம் வரட்டும். வேலைக்குப் போனபிறகும் நூலைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். ஆனால் அதற்கேற்ற கேள்விகளைத் தயாரிக்க ஆசிரியருக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைக் கல்லூரி ஒதுக்கித் தரவேண்டும்.